ஜூன் மாதத் தாள்

அக்டோபர் 1, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு செந்நிலா ஆப்செட்டிலிருந்து போன் வந்தது. ஒன்பது மாதம் கழித்து. முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி பேசவில்லை. அவர் மருமகள் ஷர்மிளா பேசினாள்.

"அக்கா, பிளேட் ரூம் சிஸ்டம் ஒரு நாளைக்கு நாலு தடவ நீலமாகி நின்னுருது. காளிராஜ் அண்ணனும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு, ஒண்ணும் ஆகல. காலண்டர் சீசன் வேற. நீங்க சர்வீஸ் கடை வச்சிருக்கீங்களாமே. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போக முடியுமா?"

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"மாமாதான் கூப்பிடச் சொன்னாரு. அவரு வாயால கூப்பிட மாட்டாரு, தெரியும்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். 

இந்தக் கதையை ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடுகிறேன். அங்கே பன்னிரண்டு வருடம் டிசைனராக இருந்தேன். போன டிசம்பரில் ஒரு நகைக்கடைக்கு மாதக் காலண்டர் போட்டோம். ஜூன் மாதத் தாளின் அடியில் வர வேண்டிய முகூர்த்த நாள் பட்டைக்குப் பதிலாக பிப்ரவரி மாதத்துப் பட்டை அச்சாகிவிட்டது. கடைக்காரர் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு, ஜனவரியில், ஜூனில் கல்யாணம் வைக்கப் பார்த்த யாரோ கண்டுபிடித்தார்கள். என் ஃபைலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திறந்து காட்டலாம் என்று போனால், முந்தின நாளே காளிராஜ் என் சிஸ்டத்தை ஃபார்மேட் செய்திருந்தான். அவன்தான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவன். "வைரஸ் அண்ணாச்சி. இந்தம்மா பென் டிரைவ்ல சினிமாப் பாட்டு கொண்டாந்து ஏத்துது, அதுல வந்தது" என்று முப்பது பேர் முன்னால் சொன்னான். என் பென் டிரைவில் இருந்ததெல்லாம் சாமி படங்கள். முருகனும் லட்சுமியும்.

"ஒன் கைப்பட்டாலே வெளங்காது, போத்தா" என்றார் அண்ணாச்சி. மிஷின் ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

புரூஃப் ரீடர் சிவஞானம் சாரையும் அன்றே அனுப்பிவிட்டார்கள். அச்சில் வரும் முதல் தாளை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றது ஓடும். ஜூன் தாளில் அவர் கையெழுத்து இருந்தது. அவரும் ஒத்துக்கொண்டார். அதில் எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, கடை இல்லை. எட்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடத்தையும் நிரப்பி, துணி துவைத்து, மாடியில் காயப்போட்டு இறங்கியபோது முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முனீஸிடம் சொன்னேன். தீபாவளிக்கு முன்னால் அவருக்குப் பட்டாசு ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "அம்புட்டு அசிங்கப்படுத்தி அனுப்பிருக்காக. அங்க எதுக்குப் போற?" என்றார்.

"ரிப்பேர் பாக்க."

"ரிப்பேர் பாக்கற மூஞ்சியாத் தெரியல" என்றார்.

அக்டோபர் 3, வியாழன்

போனேன். பிளேட் ரூம் அப்படியே இருக்கிறது. ஏசி, ஜன்னல் இல்லாத சுவர், மூலையில் அந்தப் பெரிய மிஷின். டிசைனர் அனுப்பும் பக்கத்தை ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இந்த மிஷினுக்குத் தள்ளும்; மிஷின் அதை அலுமினியப் பிளேட்டில் சுடும்; அந்தப் பிளேட்டைத்தான் அச்சு மிஷினில் மாட்டுவார்கள். நடுவில் இருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டர் நின்றால் பிரஸ் முழுவதும் நிற்கும்.

காளிராஜ் உள்ளே உட்கார்ந்திருந்தான். தலைமுடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது. எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

"வாம்மா மாரீஸ்வரி. கடையெல்லாம் போட்டுட்டியாம்ல. படம் போட்டுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் இப்ப ஹார்டுவேர் பாக்குறீங்க."

"நீங்க என்ன பண்ணிப் பாத்தீங்க?"

"ரேம் மாத்தியாச்சு. விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு. இனி போர்டுதான் மாத்தணும்."

"நான் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் உட்கார்ந்த இருபதாவது நிமிடம் திரை நீலமானது. பட்டாசு லேபிள் ஒன்று பாதி பிளேட்டில் நின்றது. நேரம் 11.42. இந்த டைரியை இனி இதற்குத்தான் வைத்திருக்கப் போகிறேன். விழும் நேரமெல்லாம் எழுத வேண்டும்.

2.15. மறுபடி.

5.05. மறுபடி.

அக்டோபர் 4, வெள்ளி

விண்டோஸ் விழும்போதெல்லாம் சாகிறவன் வாக்குமூலம் போல ஒரு கோப்பு எழுதி வைத்துவிட்டு விழும். டம்ப் ஃபைல் என்பார்கள். அப்போது நினைவகத்தில் என்ன இருந்தது, யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள், யார்மேல் சந்தேகம் என்று அதில் இருக்கும். பதினான்கு கோப்புகளை என் லேப்டாப்பில் ஏற்றி வந்து கடையில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் ஒரு காலேஜ் பெண்ணின் லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றிக் கொடுத்தேன்.

பதினான்கும் வேறு வேறு ஆளைக் கைகாட்டுகின்றன. ஒன்று ஹார்டு டிஸ்க் பக்கம், இன்னொன்று திரை பக்கம், இன்னொன்று நெட்வொர்க். காளிராஜ் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான். கோப்பில் வந்த பெயரையெல்லாம் நம்பியிருக்கிறான்.

இப்படி ஆளாளுக்கு மாறினால் ஒரே அர்த்தம். வேறு யாரோ ஒருவன் நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடுகிறான். பிறகு அந்த இடத்துக்கு நியாயமாக வருகிறவன் வந்து தொட்டு, விழுகிறான். பெயர் விழுந்தவனுக்குத்தான் வருகிறது.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. யாரும் சொல்லித்தரவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வந்து படுத்தவள், எழுந்ததும் இதைத்தான் தேடித் தேடிப் படித்தேன். ஆத்திரத்தில் படித்தால் மறக்காது.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று முதல் வேலையாக ரேமைக் கழற்றித் துடைத்து, வேறு இரண்டு போட்டுப் பார்த்தேன். அப்படியும் விழுந்தது. இன்று பிரஸ் லீவு. ஷர்மிளாவிடம் சாவி வாங்கி, காலை எட்டுக்கு நினைவகச் சோதனையை ஓடவிட்டு வந்தேன். மாலை ஆறுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. ரேம் சுத்தம். ஹார்டுவேர் மேல் பழி போட வழி இல்லை.

நடுவில் இட்லிக்கு ஆட்டினேன். மார்க்கெட் போனேன். வரும்போது சுப்பிரமணியர் கோயில் தெரு வழியாக வராமல் சுற்றி வந்தேன். அங்கே சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 7, திங்கள்

விண்டோஸுக்குள்ளேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால், ஒவ்வொரு டிரைவருக்கும் கொடுக்கும் இடத்தைச் சுற்றி வேலி போட்டுவிடும். தன் இடத்தைத் தாண்டி ஒரு எழுத்து அதிகம் எழுதினாலும் அந்த நொடியே கம்ப்யூட்டரை நிறுத்தி, தாண்டியவன் பெயரை எழுதும். அப்பாவி வந்து தொடும்வரை காத்திருக்காது.

இதை முடுக்கினால் சிஸ்டம் இன்னும் அடிக்கடி விழும் என்று அண்ணாச்சியிடம் அனுமதி கேட்கப் போனேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல்முறை நேருக்கு நேர். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் சாம்பிள் காலண்டர் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ ஒரு டிரைவர் மேல சந்தேகம் அண்ணாச்சி."

"எந்த டிரைவரு? வேன் ஓட்டுற பால்பாண்டியா? அவன் எதுக்கு பிளேட் ரூமுக்குப் போனான்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன். கம்ப்யூட்டருக்கும் மிஷினுக்கும் ஒருத்தர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும், அதற்குப் பெயர் டிரைவர் என்று.

"எதையோ பண்ணு. வியாழக்கெழமைக்குள்ள முடி" என்றார்.

மதியம் ஒன்றேகாலுக்கு முடுக்கினேன். பட்டாசு லேபிளை அனுப்பச் சொன்னேன். மூன்றாவது பிளேட்டில் விழுந்தது. பெயர் எழுதியிருந்தது.

கம்ப்யூட்டரை மிஷினோடு இணைக்கும் கார்டின் டிரைவர்.

நான்கு முறை திரும்பச் செய்தேன். நான்கு முறையும் அதே பெயர்.

அக்டோபர் 8, செவ்வாய்

கார்டைக் கழற்றி மேலே இருக்கும் எண்ணைப் பார்த்தேன். மிஷினோடு வந்த கார்டு இல்லை. பழசு கெட்டு, வேறு ஒன்று போட்டிருக்கிறார்கள். டிரைவரோ இந்தக் கார்டுக்கு உரியதும் இல்லை. இதைவிடப் பெரிய மாடலுக்கு எழுதியது. தன் கையில் பெரிய இடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறது. இடம் தீர்ந்த பிறகும் எழுதுகிறது.

பழைய டிஸ்க்கின் பதிவில் இதை முதலில் போட்ட தேதி: போன நவம்பர் 28. போட்ட கணக்கின் பெயர்: kaliraj.

ஜூன் பிளேட் எடுத்தது டிசம்பர் 6. அந்தத் தேதிக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க் இன்னும் உள்ளேயே மாட்டியிருக்கிறது. விண்டோஸ் புதிதாகப் போட்டவன் அதை அழிக்க மறந்துவிட்டான். என்னுடையதைத்தான் ஞாபகமாக அழித்தான்.

டிசம்பர் 6, முற்பகல் 11.52, திரை விழுந்திருக்கிறது. 12.10, ஜூன் பிளேட் வெளியே வந்திருக்கிறது.

பிளேட் ரூமின் ஏசி சத்தத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

சரியான டிரைவரைத் தேடி எடுத்துவிட்டேன். மாற்ற அரை மணி நேரம் போதும்.

மாற்றவில்லை.

இன்று மாற்றினால் என்ன நடக்கும்? சிஸ்டம் ஓடும். ஷர்மிளா "தேங்க்ஸ்கா" என்பாள். காளிராஜ் "நான் ஏற்கெனவே பாதி பாத்து வச்சிருந்தேன்" என்பான். அதற்காகவா ஆறு மாதம் படித்தேன்? அவன் வண்டவாளம் இன்னும் கொஞ்சம் வெளியே வரட்டும். ஷர்மிளாவிடம், "இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும், காளிராஜ் அண்ணன் போர்டு மாத்தணும்னாரே, மாத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

மாற்றினான். மதியம் 3.20க்கு விழுந்தது. அண்ணாச்சி பிளேட் ரூம் வாசலில் நின்று கத்தியது அச்சு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பிளேட் ரூம் கம்ப்யூட்டருக்கும் ஷர்மிளா ஒரு பொட்டு வைத்தாள். எனக்கும் பொரி கொடுத்தார்கள். பைண்டிங் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ இல்லாம நல்லாவே இல்லத்தா." ஒருத்தி, "சிவஞானம் சாருக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் பண்ணியும் சரியாகலயாம்" என்றாள்.

"அப்படியா" என்றேன்.

பொரி நமுத்துப் போயிருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

இந்த மூன்று நாளும் அந்தக் கம்ப்யூட்டர் பதினோரு முறை விழுந்தது. மிஷின் ஆட்கள் தீபாவளிச் சரக்கை முடிக்க ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறார்கள். நான் அதற்குப் பொறுப்பில்லை. டிரைவர் போட்டது நானில்லை.

இன்று முக்கியமான வேலை செய்தேன். ஜூன் மாதத் தாளை நகைக்கடைக்காரருக்கு ஒப்புதலுக்கு அனுப்பிய மெயில் பிரஸ்ஸின் மெயிலிலேயே இருக்கிறது. ஜனவரியில் அதைத் திறந்து பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அந்த நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. இன்று நானே திறந்தேன். ஜூன் தாள் சரியாக இருக்கிறது. ஜூன் முகூர்த்தம் ஜூனில்.

அதையும் பிப்ரவரி தாளையும் மாற்றி மாற்றி, பிளேட் மாட்டாமல் வெறும் ஓட்டமாக அனுப்பினேன். மிஷினுக்குப் போகும் படத்தை ஒவ்வொரு தடவையும் சேமித்தேன். பதினேழாவது ஓட்டத்தில் வந்தது. ஜூன் தாளின் அடியில் பிப்ரவரி பட்டை. அதே இடம். அதே அகலம்.

ஷர்மிளாவிடம் சொன்னேன், நாளைக்கு அண்ணாச்சியும் காளிராஜும் இருக்க வேண்டும் என்று. மிஷின் ஆட்களும்.

"அவங்க எதுக்குக்கா?"

"அன்னைக்கு அவங்க இருந்தாங்க" என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பதினோரு மணிக்கு அண்ணாச்சி அறையில். வாசல் வரை ஆட்கள். லேப்டாப்பை மேசையில் வைத்தேன். முதலில் மெயிலில் இருந்த ஜூன் தாள். பிறகு நேற்று வந்த பதினேழாவது படம்.

"ஃபைல் சரியா இருக்கு அண்ணாச்சி. மிஷினுக்குப் போறப்ப மாறுது. என் கண்ணு முன்னாடி நேத்து மாறிச்சு."

பிறகு தேதி. பிறகு பெயர். பெயரைத் திரையில் பெரிதாக்கி வைத்தேன்.

காளிராஜ் முதலில் சிரித்தான். "டிரைவர் போட்டா ஃபைல் மாறுமா? நல்ல கதையா இருக்கு."

"இப்பவே ஓட்டிக் காட்டவா?"

அண்ணாச்சிதான், "ஓட்டு" என்றார். எல்லாரும் பிளேட் ரூம் போனோம். ஒன்பதாவது ஓட்டத்தில் பட்டை மாறியது. பன்னிரண்டாவதில் திரை விழுந்தது. யாரோ "யாத்தே" என்றார்கள்.

காளிராஜின் குரல் உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி, ஒரிஜினல் கார்டு வேணாம், கம்மியா ஏதாச்சும் பாருன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒரு டிரைவர் கெடச்சிச்சு, போட்டேன், ஓடிச்சு. ஓடுற மிஷின யாராச்சும் நோண்டுவாங்களா?"

"அப்ப இந்தப் பொண்ணு சிஸ்டத்த எதுக்குல அழிச்ச?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது மாதமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்த முகம் அது. நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

"எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு அண்ணாச்சி" என்றான்.

"சாவியெல்லாம் மேசையில வச்சிட்டு வெளிய போ."

போனான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒம்மேல தப்பில்லத்தா" என்றார். அந்த ஒரு வரிக்குள் ஒன்பது மாதமும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். ஏறக்குறைய அடங்கியது.

பிறகு பீரோவைத் திறந்து பழைய ஜூன் தாளை எடுத்தார். தங்க நிற ஓரம், நடுவில் லட்சுமி, அடியில் தப்பான பட்டை, மூலையில் நீல மையில் "சி.ஞா."

"மிஷின் தப்பு பண்ணுச்சு, சரி. இதப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டாரு பெரிய மனுஷன்? பாத்துருந்தா ஒரு தாளோட போயிருக்கும். கண்ண எங்க வச்சிருந்தாரு?"

எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். ஞாவுக்குக் கீழே சுழி பெரிதாகப் போடுவது சார் வழக்கம்.

நான் லேப்டாப்பை மூடினேன்.

அக்டோபர் 16, புதன்

சரியான டிரைவர் போட்டேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒருமுறைகூட விழவில்லை. அறுபத்து நான்கு பிளேட். மொத்தப் பிரஸ்ஸின் கம்ப்யூட்டர்களையும் இனி நானே பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பினார்.

காளிராஜ் மனைவி கடைக்கு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

இரவுச் சாப்பாட்டில் முனீஸ் கேட்டார், "இப்ப திருப்தியா?"

"ரொம்ப" என்றேன். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

அக்டோபர் 17, வியாழன்

ஓடுகிறது. ஒருமுறையும் விழவில்லை.

அக்டோபர் 19, சனி

சுப்பிரமணியர் கோயில் தெருவுக்குப் போனேன். அங்கே எதுவும் தோண்டிப் போடவில்லை. எப்போதுமே தோண்டவில்லை.

சாரின் மகள் மங்கை கதவைத் திறந்தாள். ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"சார் இருக்காங்களா?"

"தூங்குறாங்க. உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன்."

வாசலிலேயே நின்றோம். "காளிராஜ வெளிய அனுப்பிட்டீங்களாமே. பைண்டிங் அக்கா வந்து சொன்னாங்க. எல்லாரும் கை தட்டாத குறையாம். எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"எனக்கும் அது வேணும்" என்றாள்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டு வந்தாள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. டிசம்பர் 6. பதிவு செய்த நேரம் 11.30.

"கண்ணுக்கு மருந்து ஊத்தி மூணு மணி வரைக்கும் உக்கார வச்சிருந்தாங்க. நான் பக்கத்துல இருந்தேன். ஒரு மணிக்குப் பிரஸ்ல வந்த தாள்ல அவரு எப்படிக் கையெழுத்துப் போட்டாருன்னு நீங்கதான் சொல்லணும்."

சீட்டில் இருந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி முன்னாடி உங்ககிட்ட யாரு பாத்ததுன்னு கேட்டப்ப, 'சார் பாத்துட்டாரு'ன்னு சொன்னீங்களாம். அப்பா ஒரு வார்த்த மறுத்துச் சொல்லல. வீட்டுக்கு வந்ததும் இந்தச் சீட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். அப்பா கையப் புடிச்சிக்கிட்டாரு. அந்தப் புள்ளைய விட்ருன்னாரு. விட்டேன். ஆனா கிழிச்சுப் போடல. பத்து மாசமா பீரோவுல வச்சு, வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்குறேன். திங்கக்கெழம அண்ணாச்சிகிட்ட கொண்டு போகப் போறேன். அந்தக் காளிராஜ் மூஞ்சி எப்படி ஆச்சுன்னு சொன்னாங்க. உங்க மூஞ்சி அப்படி ஆகறத நான் பாக்கணும்."

என்னால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் பழக்கமானது.

இத்தனை நாள் இந்த டைரியில் எழுதாததை எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டது நான். இரண்டு வருடமாகவே அவருக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை. நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பிழையைப் பிடிப்பார். அவர் இல்லாத வேளையில் அவருக்காக நான் சுழி போடுவேன். அன்று போகும்போது, "ஜூன் தாள் வந்தா ஒரு தடவ முழுசா வாசிச்சிருமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தாள் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லட்சுமியின் தங்கம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு போட்டேன். வாசிக்கவில்லை.

மங்கையிடம் கேட்டேன். "அத என்கிட்ட குடு. நானே கொண்டு போறேன்."

"உங்கள நம்பியா?"

"கூட வா. வாசல்ல நில்லு."

உள்ளே போனாள். ஒரு ஜெராக்ஸைக் கொண்டு வந்து கொடுத்தாள். அசல் சீட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். முனீஸிடம் சொன்னேன். "நான் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

அண்ணாச்சியிடம் ஜெராக்ஸை வைத்துச் சொன்னேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். மங்கை வாசலில் நின்றாள். அவளுக்கு என் முகம் தெரியும்படி திரும்பி நின்றுகொண்டேன்.

பட்டாசு லேபிள் நேரத்தில் சிஸ்டத்தை ஒரு வாரம் வேண்டுமென்றே விழவிட்டதையும் சொன்னேன். அது யாரும் கேட்காதது.

அண்ணாச்சி சீட்டைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டு, ஆஸ்பத்திரி பெயர் முதல் கடைசி வரி வரை படித்தார். அப்புறம், "இப்ப சிஸ்டம் நிக்காம ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது அண்ணாச்சி."

"அப்ப சரி. நீ போ."

அவ்வளவுதான். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். சாவிகளை ஷர்மிளாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். பைண்டிங் பெண்கள் குனிந்து தாள் அடுக்கினார்கள். ஜனவரி ஒன்பதாம் தேதி நடந்த அதே வழியில் நடந்து வெளியே வந்தேன்.

கேட்டுக்கு வெளியே மங்கையிடம், "பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். "நெனச்ச மாதிரி இல்ல." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தபோது சார் போன் செய்தார். அவர் குரலைக் கேட்டுப் பத்து மாதம் ஆகிறது.

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"சார்..."

"பேசாத. நேத்து சாயந்தரம் அண்ணாச்சி கார் போட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. தெருவே வேடிக்க பாக்குது. 'ரெண்டு வருசமா கண்ணு தெரியாமலா என் பிரஸ்ல புரூஃப் பாத்தீரு'ன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? ஒன்னக் காப்பாத்தவா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? எனக்குக் கண்ணு போனது ஊருக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன். தப்பாப் பாத்தான்னு சொல்லட்டும், பாக்கவே முடியாதவன்னு சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நாப்பது வருசம் எழுத்துப் பாத்தவன் நான். அந்த ஒண்ணத்தான் வச்சிருந்தேன். அதையும் கொண்டுபோய் அவரு மேசையில வச்சிட்டு வந்துட்ட."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை. காளிராஜைப் பழிவாங்கினேன், எனக்காக. உண்மையைச் சொன்னேன், அதுவும் எனக்காகத்தான் போலிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னும் பேசினார். ஜூன் தாளில் பட்டையைத் தவிர வேறொரு பிழையும் இருக்கிறதாம், பிரதோஷம் ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கிறதாம், அதை நான்தான் டைப் செய்தேனாம், யாருமே கவனிக்கவில்லையாம். மகளை முழுத் தாளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். "மிஷின் பண்ணுன தப்பு ஒண்ணு. நீ பண்ணுன தப்பு ஒண்ணு. ரெண்டையும் நான் விட்டுருக்க மாட்டேன், கண்ணு இருந்திருந்தா."

"ஆமா சார்."

"கையெழுத்து என்னோடது இல்லன்னு ஆனதும் அண்ணாச்சி மறுபடி வேலைக்கு வரச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன்."

"சார், நான் வந்து..."

"போன்ல எம்புட்டுத் திட்டுறது? நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா. இன்னும் பாதிகூட முடியல."

"மங்கை விட மாட்டா சார்."

"அவ கதவத் தொறக்க மாட்டா. நான் தொறக்கேன். கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

வைத்துவிட்டார். பிரிண்டரை மாலைக்குள் மாட்டிக் கொடுத்தேன். நாளைக்குக் கடை பதினோரு மணிக்கு மேல்தான் திறக்கும் என்று ஷட்டரில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.